கவிழ்ந்த டம்ளர்

தொழிலாளர் சங்கத்தில் சேருகிறவன் டீ வேளையில் டம்ளரைக் கவிழ்த்து வைக்கணும் என்று, சங்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த எசக்கி ரகசியமாகச் சொல்லியிருந்தான். நான் எவனையும் நம்புகிறவன் இல்லை. முதலில் கவிழ்க்கிறவனைத்தான் கம்பெனி வெளியே தள்ளும். மற்றவன் கவிழ்க்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்தேன். ஆனால் நான் கிரைண்டிங்காரன். இரும்புத்தூள் விழாமல் இருக்க, கழுவின டம்ளரைக் கவிழ்த்து வைத்தே பழகின கை. அன்றைக்கும் கவிழ்த்துவிட்டது. நிமிர்ந்தால் எல்லார் கண்ணும் என் டம்ளர் மேல். எதிரே இருந்தவன் தன்னுடையதைக் கவிழ்த்தான். பிறகு பெஞ்சு நெடுக டக், டக் என்று சத்தம். எசக்கி என்னைப் பார்த்துக் கும்பிடாத குறை.

எந்தப் பயலோ முன்னாடியே கம்பெனி காதில் ஊதியிருக்கிறான். சூப்பர்வைசர் துரைக்கண்ணு டீ கெட்டிலைத் தன் கையில் வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“என்ன பெருசு, தூசிக்குத்தானே கவிழ்த்தீரு? ஆமான்னு சொல்லிட்டு நிமிர்த்தும், ஊத்துறேன்.”

ஆமாம் என்றால் அது பொய்யும் இல்லை. டம்ளர் மேலே கையை வைத்தேன்.

“தூசியா? பேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றப்பல்லாம் இங்கே தூசியே கிடையாதுன்னு நீங்கதானே சார் சொல்றீங்க?”

கையை எடுக்கவில்லை. கெட்டில் மூக்கு என் விரலுக்கு நேரே சாய்ந்தபடியே நின்றது.