ஓடுபாதை காணாது

“ஐயா, உந்தக் கிணத்துக்கட்டிலை இருங்கோ. முதலிலை தண்ணியைக் குடியுங்கோ!”

மார்க்கண்டர் செம்பை நீட்டினார். என்ஜினியர் செல்வரட்ணம் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து மடக்கு மடக்கென்று குடித்தார். எதிரே, காலையில் இறைத்த வெங்காயப் பாத்திகளுக்குள் அந்தச் சின்ன விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தது. இறங்கிய விமானம் ஓடுபாதை முடிந்தும் நிற்காமல், கம்பிவேலியையும் பிய்த்துக்கொண்டு தோட்டத்துக்குள் வந்துவிட்டது. கால் முறிந்த விமானியை இப்போதுதான் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள்.

“நீங்கள் கதவை உடைச்சு இழுக்காட்டில் இண்டைக்கு என்ரை கதை முடிஞ்சிருக்கும், மார்க்கண்டர்.”

“அதை விடுங்கோ ஐயா. உயிர் தப்பினதே பெரிய காரியம்.”

“நான் தப்பியிட்டன். உங்கடை தோட்டம் தப்பாது போலை கிடக்கு.”

ஓடுபாதையை நீட்ட வேண்டும், காணியைத் தா என்று மார்க்கண்டருக்கு எத்தனை நாள் உபத்திரவம்! அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

“என்னய்யா சொல்லுறியள்? உள்ள பாதை காணும், நீட்டத் தேவையில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“ஓம். அதைக் காட்டத்தான் இந்தப் பிளேனிலை வந்தனான். மற்றவங்கள் எல்லாரும் நீட்டு நீட்டு எண்டு நிக்கிறாங்கள். நான் ஒருத்தன்தான் உங்கடை பக்கம். இனி எந்த முகத்தோடை கதைக்கிறது?”

செல்வரட்ணம் நெற்றிக் காயத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் இறங்கினது. பிரேக்கும் பிடிச்சது. கடைசியிலை வந்து சறுக்கிச்சுது பாருங்கோ, எண்ணெயிலை கால் வைச்ச மாதிரி! வந்து பார்த்தவங்கள் பாதையிலை ஒண்டுமில்லை எண்டுறாங்கள். நீங்கள் ஏதும் கண்டனீங்களே? ஒரு காரணம் கிடைச்சால் காணும். பாதையிலை பிழையில்லை எண்டு எழுதி, உங்கடை காணியைக் காப்பாத்திப்போடுவன்.”

மார்க்கண்டர் வாயைத் திறந்தார். அடுப்படி வாசலில் மனைவி இராசமலர் கையில் விளக்குமாறோடு மூச்சுவாங்க நின்றாள். பக்கத்தில் மகன் தியாகலிங்கம், மீசை முளைத்து நெடுத்த பிள்ளை. பிய்ந்த வேலிக்கு அப்பால் துவக்குகளோடு ஆமிக்காரர் கத்திக்கொண்டு திரிந்தார்கள்.

“இல்லை ஐயா. நான் ஒண்டும் காணேல்லை.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“சத்தியமாக் காணேல்லை.”

செல்வரட்ணம் எழுந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப பாதை காணாது, கட்டையெண்டுதான் எழுதவேணும். என்னை மன்னியுங்கோ.”

அவர் படலையைத் தாண்டியதுதான் தாமதம், இராசமலர் வெடித்தாள்.

“உங்கடை வாயிலை என்ன, கொழுக்கட்டையே? அந்த மனுசன் கையைப் பிடிச்சுக் கேக்குது! சொல்லியிருந்தால் தோட்டம் மிஞ்சியிருக்குமெல்லே! உங்கடை அப்பு வெட்டின கிணறப்பா!”

“தோட்டம் மிஞ்சும். பிள்ளை மிஞ்சுவானோ? அவர் எழுதுறதை ஆமியும் வாசிப்பான். மருதனார்மடத்திலை பிடிச்ச பொடியள் இன்னும் வீடு வந்து சேரேல்லை. பிளேனைக் கவிழ்க்கச் செய்த சதி எண்டு முதலிலை உவனைத்தான் தூக்குவாங்கள்.”

இராசமலர் மகனைப் பார்த்தாள்.

மார்க்கண்டர் அடுப்படிக்குள் போய், மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த பனையோலைக் கடகத்தைத் திறந்தார். மண்ணில் காயவிட்டால் கல் சேரும், தாரென்றால் சுத்தம் என்று காலையில் வேலி ஓட்டையால் புகுந்து அவரும் மனைவியுமாக ஓடுபாதையின் கடைசியில் பரப்பிவிட்ட பயறு, விமானச் சில்லில் நசிந்தது பாதியும், ஜீப் வருமுன் இராசமலர் கூட்டி அள்ளிய புழுதி பாதியுமாய்க் கிடந்தது.