குண்டு போடாத வெற்றி

“எழுந்திரு, எழுந்திரு! என் முறை வந்தாச்சு. திரையைப் பார்க்கக் கூடாது!” என்று கிளேட்டன் மனைவியை விரட்டினான்.

“போறேன்ப்பா. உன் அருங்காட்சியகத்துல நான் என்னத்தைத் திருடிடப் போறேன்?” என்று நோரீன் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஒரே கணினியில் இரண்டு பேர் மாறி மாறி ஆடும் சாம்ராஜ்ய விளையாட்டு. ஒருவர் ஆடும்போது மற்றவர் அறையில் இருக்கக் கூடாது என்பது பால்டிமோரில் அந்த வீட்டின் சட்டம். இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே கூத்துதான். காரணம், பந்தயம் அப்படி. யார் ஜெயிக்கிறார்களோ, அவர்களுடைய அம்மா வீட்டில்தான் இந்த வருடத் தேங்க்ஸ்கிவிங் விருந்து.

கல்யாணமானதிலிருந்து அந்த விருந்து நோரீனின் அம்மா டாலரஸ் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. அங்கே வான்கோழிக்குப் பக்கத்தில் ஒரு சட்டி நிறையப் புளித்த முட்டைக்கோஸ் வைப்பார்கள். அது இல்லாவிட்டால் பால்டிமோர்க்காரர்களுக்குப் பண்டிகையே இல்லை. தெற்கே ஜார்ஜியாவில், அம்மா எர்லீன் சுட்ட சோள ரொட்டியைத் தின்று வளர்ந்த கிளேட்டனுக்கோ அந்த வாசனை வந்தாலே குமட்டும். போதாக்குறைக்கு மாமியார், தபால்காரரிலிருந்து பாதிரியார் வரை எல்லோரையும் “ஹன், ஹன்” என்று கொஞ்சுவார். அந்த ஊரில் அதுதான் ‘கண்ணு’. மானமுள்ள ஜார்ஜியாக்காரர் யாரும் அந்த வார்த்தையை வாயில் வைக்க மாட்டார் என்பது கிளேட்டனின் கட்சி.

அம்மாவின் விருந்து மேசைக்காக அவன் நிஜமாகவே ஏங்கினான். அதனால்தான் இவ்வளவு வெறி.

ஆனால் வெறியை அவன் காட்டிய விதம்தான் விசேஷம். நோரீன் எல்லையில் டாங்கிகளை வரிசையாக நிறுத்திவைத்திருந்தாள். மாமன்னர் கிளேட்டனோ, வாங்கிய ஓவியத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று அரை மணி நேரமாக ஆலோசித்துக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து நோரீன் போனில் யாரோடோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“முடிஞ்சுது, வா!” என்று குரல் கொடுத்தான்.

நோரீன் வந்து உட்கார்ந்தாள். “இன்னிக்கு என்ன பண்ணீங்க, மகாராஜா?”

“ஒரு நாடக அரங்கம் கட்டியிருக்கேன்.”

“அடேயப்பா! என் டாங்கிக்கெல்லாம் டிக்கெட் உண்டா?”

“சிரி, சிரி. உனக்கு அடிதடிதான் தெரியும். பண்பாட்டு வெற்றின்னா என்னன்னு தெரியுமா?” கிளேட்டன் வெளியே போகாமல் கதவில் சாய்ந்துகொண்டு பாடம் நடத்தினான். “எதிராளியோட ஜனங்க முதல்ல நம்ம சாப்பாட்டுக்கு மயங்கணும். அப்புறம் நம்மள மாதிரியே பேச ஆரம்பிக்கணும். கடைசியில அவங்களா மூட்டை முடிச்சோட நம்ம ஊருக்குக் கிளம்பி வந்துடணும். ஒரு குண்டு செலவில்லை. தோத்துப் போனவனுக்குத் தோத்ததே தெரியாது!”

“தெரியவே தெரியாதா?”

“கடைசி நிமிஷம் வரைக்கும் தெரியாது.”

“எவ்வளவு நல்ல யோசனை!” என்று நோரீன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “நீ சொல்லலேன்னா எனக்கெல்லாம் தோணியே இருக்காது.”

அவள் முறை சீக்கிரம் முடிந்தது. டாங்கிகள் நின்ற இடத்திலேயே நின்றன.

“என்ன, படையெடுக்கலையா?”

“உன் அருங்காட்சியகம் அழகா இருக்கு. இடிக்க மனசு வரலை.”

“பார்த்தியா! கலையோட சக்தி!” என்று கிளேட்டன் சிலிர்த்துப்போனான்.

அன்று சாயங்காலமே திரையில் வாணவேடிக்கை வெடித்தது. நோரீனின் நாட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக அவன் தலைநகரில் வந்து இறங்கினார்கள். கிளேட்டன் சோபாவின் மேல் ஏறி நின்று ஆடினான்.

“ஜெயிச்சுட்டேன்! முட்டைக்கோஸ் ஆட்சி ஒழிஞ்சுது!”

“வாக்குன்னா வாக்குதான்,” என்றாள் நோரீன், கொஞ்சமும் முகம் வாடாமல். “உங்கம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லு.”

தோற்றாலும் எவ்வளவு பெருந்தன்மை என்று அவளை மெச்சிக்கொண்டே கிளேட்டன் ஜார்ஜியாவுக்கு போன் போட்டான்.

“அம்மா! இந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங்குக்கு நாங்க அங்கே வர்றோம்!”

“இங்கேயா? இங்கே யாருடா இருக்கப் போறா?” என்றார் எர்லீன். “அப்பா, நான், உன் அண்ணன் குடும்பம், எல்லாருமா டாலரஸ் வீட்டுக்கு வர டிக்கெட் எடுத்தாச்சே! நோரீன் சொல்லலையா? ஞாயித்துக்கிழமையானா அவதானே கூப்பிட்டு, டாலரஸையும் சேர்த்துவிடுவா. நாங்க மூணு பேரும் பேச ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாது.”

கிளேட்டன் மெல்ல சோபாவிலிருந்து இறங்கினான். “அம்மா… உன் சோள ரொட்டி?”

“அதை யாருடா கேக்கறா? டாலரஸ் ஜாடி ஜாடியா முட்டைக்கோஸ் அனுப்பினதிலேருந்து உங்கப்பாவுக்கு அது இல்லாம சோறே இறங்கலை. நானே ஒரு பெரிய ஜாடி ஊற வெச்சிருக்கேன், வரும்போது கொண்டு வர்றேன்.”

கிளேட்டன் மனைவியைப் பார்த்தான். அவள் திரையில் தெரிந்த நாடக அரங்கத்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ டாலரஸ் வீட்டுல பார்ப்போம்,” என்றார் அம்மா. “சரி, அடுப்புல வேலை இருக்கு. போனை வெச்சிடட்டுமா, ஹன்?”