சவர நுரைக்குள் ஒரு முகம்

உட்துறைமுக வீதிச் சலூனில், நாலு மணி வெயில் கதிரையில் இருக்கும் ஹில்மியின் கழுத்தில் விழுகிறது. பதினேழு வருடமாக நாட்டுக்கு ஆடும் கிரிக்கெட் துடுப்பாட்டக்காரனின் முகம் கண்வரை நுரைக்குள் இருப்பதால் சலூன்காரரைத் தவிர ஒருவருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. நேற்று அவன் ஆட்டமிழந்ததைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஸ்டம்ப் சரியும்போதெல்லாம் முறைக்குக் காத்து வாங்கில் இருக்கும் மீன் வியாபாரி ஸவாஹிர் சிரிக்கிறார். “முப்பத்தொன்பது வயசு. இந்த வயசில என்ட வாப்பா பேரப்பிள்ளையைத் தூக்கினவர்.” “வாயைப் பொத்துங்கோ நானா,” என்கிறான் ஆட்டோக்காரன் பிரகலாதன். “அடுத்த மட்ச்சில பாருங்கோ, நூறு.” அவன் கதிரைப் பக்கம் திரும்புகிறான். “அண்ணை, நீங்களே சொல்லுங்கோ. அவர் விலகத்தான் வேணுமோ?”

சவரக் கத்தி தொண்டையருகே நிற்கிறது. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதுகிறது. அது ஓயும்வரை ஹில்மி காத்திருக்கிறான். “ஓம், விலகத்தான் வேணும். அவருக்கு இப்ப பந்து வடிவாத் தெரியிறேல்லை.” தேர்வாளர்களிடமும் மனைவியிடமும் சொல்லாததை இப்போதுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். ஸவாஹிர் தொடையில் தட்டிச் சிரிக்கிறார். பிரகலாதன் சாவியை எடுத்துக்கொண்டு எழும்புகிறான். “ஒருநாளாவது மட்டையைத் தொட்டிருப்பீங்களோ? உங்களை மாதிரி ஆக்களாலதான் மனுசன் நிம்மதியா விளையாட ஏலாமக் கிடக்கு.” ஹில்மி ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். “அசையாதேங்கோ,” என்கிறார் சலூன்காரர். கண்ணாடியில் ஆட்டோ புறப்படுவது தெரிகிறது. அதன் பின்பக்கத்தில் ஒட்டிய படத்தில், இருபத்தைந்து வயது ஹில்மி மட்டையை உயர்த்தியபடி வீதி வளைவில் மறைகிறான்.