நிறம் மாறாத உப்பு

"மாசமா இருக்கிறவ நீ. ஊருல உன் வீட்டு உப்பு மட்டும் வெள்ளையாவே நிக்குது. வெட்கமா இல்ல?"

நர்ஸ் சபோஹத் போட்ட சத்தம் பள்ளிக்கூட அறை முழுக்கக் கேட்டது. நிசோரமோ சால்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

பர்தாங் பள்ளத்தாக்கில் கடைசி ஊர் அது. தேநீருக்கும் சூப்புக்கும் அங்கே மலையில் வெட்டி எடுத்த உப்புதான். சும்மா கிடைக்கும். ஆனால் அயோடின் கிடையாது. அது இல்லாவிட்டால் வயிற்றுப் பிள்ளை தேறாது, கடை உப்பைத்தான் வாங்க வேண்டும் என்று சபோஹத் போன தடவையே தொண்டை வற்றக் கத்தியிருந்தாள். வாங்காதவர்களைப் பேர் சொல்லித் திட்டியும் இருந்தாள்.

திட்டுக்குப் பலன் இருந்தது. இந்தத் தடவை பெண்கள் ஆளுக்கொரு பொட்டலத்தில் வீட்டு உப்போடு வந்திருந்தார்கள். மருந்து ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருக்கிற உப்பு கத்திரிப்பூ நிறமாகும். ஒன்று விடாமல் எல்லாம் நிறம் மாறின. சபோஹத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் பேச்சையும் கேட்கிறார்களே!

அந்த நேரத்தில்தான் கடைசியாக நிசோரமோவின் பொட்டலம் வந்து மானத்தை வாங்கியது.

"போன பிள்ளை கோழிக்குஞ்சு மாதிரி பொறந்து ஒரு வாரம்கூடத் தங்கல. அப்பவும் புத்தி வரலைன்னா எப்படிம்மா? பக்கத்து வீட்டு ஷிரின்மோவைப் பாரு. பேரன் எடுத்தவ, அவளே வாங்கியிருக்கா."

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எங்கங்க ஏறுது?" என்று ஷிரின்மோ ஒத்து ஊதினாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். நிசோரமோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் கலைந்தது. ஜீப்பில் ஏறப்போன சபோஹத்துக்கு மனசு கேட்கவில்லை. ரொம்பத்தான் திட்டிவிட்டோமோ என்று நிசோரமோவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பனி விழுந்தா பாதை மூடிடும். அப்புறம் வசந்தம் வரைக்கும் ஒண்ணும் வாங்க முடியாது. இவங்க எல்லாரும் எங்க வாங்கினாங்கன்னு கேட்டு, நீயும் இன்னைக்கே வாங்கிடும்மா."

நிசோரமோ திரும்பிப் பார்த்தாள். ஷிரின்மோ காதுக்கெட்டாத தூரத்தில்தான் இருந்தாள். இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுலதான் அக்கா. குளிர்காலம் முழுக்க எனக்கு வேணும்னு அவர் டவுனுக்குப் போய் ஆட்டை வித்து வாங்கிட்டு வந்த உப்பு. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் காலையில ஒவ்வொருத்தரா வந்து கேட்டு கடைசிப் பிடி வரைக்கும் அள்ளிட்டுப் போனாங்க. வாசலுக்கு வந்து உப்புக் கேக்கிறவங்களை எப்படி அக்கா இல்லைன்னு அனுப்புறது?"