புல்லுக்குள் ஒரு பதியன்

கடைக்காரர் புல்வெட்டும் மிஷினை என் தோளில் மாட்டிப் பட்டையை இறுக்குகிறார். விசையை அழுத்தியதும் நுனியில் நைலான் நரம்பு விர்ரென்று சுழல, வாசல் வெயிலில் தூசி எழும்புகிறது. மனைவி இறந்து மூன்று மாதம். தோட்டத்துப் புல் முழங்காலைத் தொட்டுவிட்டது. அதற்குள் எங்கோ அவள் கடைசியாக நட்ட ரோஜாப் பதியன் இருக்கிறது. “செடி மேல பட்டா?” என்கிறேன். “இளசுன்னா போச்சு சார். புல்லு எது, பூச்செடி எதுன்னு மிஷினுக்குத் தெரியுமா?” “அவ எங்க நட்டாள்னு எனக்குத் தெரியாதுங்க.” “நல்லா குடும்பம் நடத்துறீங்க! வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க,” என்று சிரிக்கிறார். என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்ப் போனைப் பிடித்துக்கொள்கிறது. அதை வெளியே எடுக்காமலே கேட்கிறேன்: “கையால வெட்டுற கத்தரி இருக்குங்களா?”