சார்ஜன்ட் வீட்டுச் சப்பாத்துகள்

பாசிர் ரிஸ் புளோக்கின் ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தில் மாலை வெயில் சரிந்து சப்பாத்து அடுக்கின்மேல் விழுகிறது. சார்ஜன்ட் தங்கையா இறந்து இன்று ஆறாவது நாள். அவரோடு பட்டாளத்தில் இருபது வருடம் இருந்த அருளப்பன், துக்கம் கேட்க வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். காலில் கறுப்புச் சப்பாத்து கண்ணாடியாய் மின்னுகிறது. "இது சார்ஜன்ட் வீடுதானே, தம்பி?" மகன் கோபிநாத் தலையாட்டுகிறான். கிழவரின் கண் அடுக்கைவிட்டு நகரவில்லை. நான்கு ஜோடிகள் அதில் காய்ந்த சேறும் புழுதியுமாக, முனை வெளுத்துக் கிடக்கின்றன. எண்பத்திரண்டு வயதில் அப்பா தினமும் விடியற்காலையில் இங்கே குந்தியிருந்து வீட்டில் எல்லாருடைய சப்பாத்துக்கும் பாலிஷ் போட்டார். போடச் சொல்லி கோபிநாத் கேட்டதில்லை. வேண்டாமென்று தடுத்ததும் இல்லை. பளபளத்ததில் காலை நுழைத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடுவான், அவ்வளவுதான்.

அருளப்பன் குனிந்து ஒரு சப்பாத்தைக் கையில் எடுக்கிறார். கைக்குட்டையால் அதன் முனையை மெல்லத் துடைக்கிறார். "சார்ஜன்ட்ட பாலிஷ் போட நீங்க விடமாட்டீங்களாமே தம்பி. பிரஷ்ஷப் பிடுங்கி, நீங்க உக்காருங்கப்பான்னு சொல்லி, எல்லாத்துக்கும் நீங்களே போட்டுடுவீங்களாம். பார்க்கிறப்பல்லாம் பெருமையா சொல்வாரு லா."

"ஆமா, அங்கிள்," என்கிறான் கோபிநாத். அப்பா அந்தப் பிரஷ்ஷை எங்கே வைப்பார் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.