தை மாத வண்டி

நகரத்துக்குள் லாரி நுழைய வேண்டுமென்றால் போக்குவரத்து மெஷினிடம்தான் கேட்க வேண்டும். நம் வீட்டுச் சாமானெல்லாம் அதற்கு எப்படித் தெரியுமோ, எனக்கு அதன்மேல் நம்பிக்கையே இல்லை. ஆவணியில் வீடு மாறலாமென்று போன் போட்டேன்.

"வெள்ளிக்கிழமை காலை ஒரு லாரி உள்ளே வரலாம்," என்றது. "தை மாதம் புது வீட்டிலிருந்து ஒரு சின்ன வண்டி வெளியே போகலாம். பீரோ, தையல் மெஷின் மட்டும்."

"தையில எதுக்கு வண்டி? நான் கேக்கவே இல்லியே!"

"தேவைப்படும். அப்போது இடம் கிடைக்காது."

இரண்டுமே என் மனைவி பிறந்த வீட்டுச் சீர்.

"தாமரை, நீ ஏதாவது கேட்டியா?"

புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கான பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"சத்தியமா நான் போறதா இன்னும் யார்கிட்டயும் சொல்லலைங்க."